அந்தப் போத்தலுக்கு ஏன் அந்த விலை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கடையில் நின்று இதையெல்லாம் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. பின்னால் வரிசை நீளும், யாரோ ஒருவர் பாலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்களை முறைப்பார். அதனால்தான், நைட்டிம்பர் என்ற ஆங்கில நுரை வைனுக்கு ஏன் அந்த விலை என்று எழுதுகிறோம்.

போன டிசம்பரில் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளரான அண்ணை ஒருவர் மகளின் பட்டமளிப்புக் கொண்டாட்டத்துக்கென்று நைட்டிம்பர் இரண்டு போத்தல் வாங்கிப் போனார். மறுநாள் நாங்கள் கதவைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். கம்பியை அவிழ்த்த கையோடு தக்கை பறந்து மண்டபத்து விளக்கில் பட்டதாம். பாதி வைன் நுரையாகவே மேசை விரிப்பில் போய்விட்டதாம். "இவ்வளவு காசை வாங்கிக்கொண்டு பழுதான சாமானைத் தந்திருக்கிறீர்கள்" என்றார். போத்தலில் பழுதில்லை, பிழை எங்களுடையது. பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்த இரண்டையும் ஹீட்டருக்கு நேர் மேலே இருந்த தட்டில் அடுக்கி வைத்திருந்தோம். அவரும் வாங்கின கையோடு நேரே மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார். வாயு சூட்டில் வைனை விட்டு வெளியேறத் துடிக்கும், குளிரில் அடங்கிக் கிடக்கும். அந்தத் தட்டில் இப்போது பிஸ்கட் இருக்கிறது.

மாற்றுப் போத்தல் கொடுத்தோம். அண்ணை அதோடு விடவில்லை. "சரி, பக்கத்துத் தட்டில் புரொசெக்கோ மூன்றில் ஒரு பங்கு விலைக்கு நிற்கிறது. அதிலும் நுரை, இதிலும் நுரை. பிறகு என்ன?" என்றார். அன்று நாங்கள் சொன்ன மறுமொழி அரைகுறை. இது மீதி.

ஊரில் விடியற்காலையில் இறக்கிய பனங்கள்ளைப் பார்த்தவர்களுக்கு நுரையைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. முட்டியின் வாயில் பொங்கி நிற்குமே, அதேதான். ஈஸ்ட் (பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அந்த ஆள்தான்) சீனியைத் தின்று ஒரு பக்கம் மதுசாரத்தையும் மறுபக்கம் காபனீரொட்சைட்டையும் விடுகிறது. முட்டி திறந்து கிடப்பதால் வாயு காற்றோடு போய்விடும். திராட்சைச் சாறு வைனாகும்போதும் அப்படித்தான் போகிறது. போகும் வாயுவை வைனுக்குள்ளேயே பிடித்து வைப்பது எப்படி என்பதில்தான் விலை வித்தியாசம் முழுவதும் இருக்கிறது.

சோடாவுக்கு அடைப்பதுபோல வாயுவை வெளியிலிருந்து அடித்து ஏற்றலாம். மிக மலிவான நுரை வைன்கள் அந்த வகை. அல்லது, வைனை அழுத்தம் தாங்கும் பெரிய உருக்குத் தொட்டியில் விட்டு, சீனியும் ஈஸ்டும் சேர்த்து, தொட்டிக்குள்ளேயே இரண்டாவது தடவை புளிக்க விட்டுப் பிறகு போத்தலில் அடைக்கலாம். இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. பேரிக்காயும் வெள்ளைப் பூவும் மணக்கிற அந்தப் புதுமை கெடாமல் இருப்பதற்குத் தொட்டிதான் சரி. சில மாதங்களில் வேலை முடிந்து சரக்கு கடைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, ஒவ்வொரு போத்தலையும் ஒரு தனித் தொட்டி ஆக்குவது. இதைத்தான் பாரம்பரிய முறை என்கிறார்கள். ஷாம்பெயின், ஸ்பெயினின் காவா, இத்தாலியின் ஃபிரான்சியகோர்ட்டா, நாங்கள் வைத்திருக்கும் நைட்டிம்பர் எல்லாம் இந்த வழியில் வந்தவை. ஷாம்பெயின் என்பது பிரான்சில் ஒரு பிரதேசத்தின் பெயர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அங்கே விளைந்து அங்கே செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர். நைட்டிம்பர் மேற்கு சசெக்ஸ்காரர். லண்டனிலிருந்து தெற்கே ஹோர்ஷம் தாண்டிப் போனால் வெஸ்ட் சில்டிங்டன் என்று ஒரு கிராமம் வரும், அங்கே.

போன கோடையில் நாங்கள் அந்தப் பக்கம் ஒரு நாள் போய் வந்தோம். சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அடியில் பழைய மரச்சட்ட வீடுகள், சரிவில் திராட்சை வரிசைகள். இங்கிலாந்தில் நல்ல வைனா என்று சிரிக்கிறவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம். 1086 இல் இங்கிலாந்தின் நிலங்களைக் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே பதிவேட்டிலேயே நைட்டிம்பர் என்ற பெயர் இருக்கிறது. திராட்சையின் கதை மட்டும் மிகப் புதிது. 1980களில் சிகாகோவிலிருந்து ஸ்டுவர்ட் மோஸ், சாண்டி மோஸ் என்ற தம்பதியர் வந்து அந்த இடத்தை வாங்கினார்கள். அந்தக் காலத்து ஆங்கிலத் தோட்டங்களில் குளிரைத் தாங்கும் ஜெர்மன் வகைத் திராட்சைகள்தான் அதிகம். இவர்கள் 1988 இல் நட்டதோ ஷாம்பெயினின் மூன்று வகைகளான ஷார்டனே, பினோ நுவார், பினோ மெனியே. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆப்பிள் நடச் சொன்னார்கள் என்று கதை. 1992 இன் அறுவடைதான் அவர்களுடைய முதல் வைன். 1993 இன் வைன் 1998 இல் ஒரு சர்வதேசப் போட்டியில் உலகின் சிறந்த நுரை வைன் என்று பரிசு வாங்கியபோது ஆப்பிள் பேச்சு நின்றிருக்கும்.

இப்போது வேலைக்கு வருவோம். ஒரு போத்தலுக்குச் சுமார் 1.2 கிலோ பழம் வேண்டும். பழத்தைக் கையால்தான் பறிக்கிறார்கள். பினோ இரண்டும் கறுப்புத் திராட்சை. தோல் கிழிந்தால் சாறு சிவந்துவிடும் என்பதால் கொத்தோடு மெதுவாக நசுக்கி வெள்ளைச் சாறாக எடுக்கிறார்கள். அது புளித்து வரும் முதல் வைனை வெறுமனே குடித்தால் எலுமிச்சம்பழத்தைக் கடித்த மாதிரி இருக்கும். அந்தப் புளிப்பைத்தான் அவர்கள் தேடுகிறார்கள். வெயில் அதிகமான நாட்டில் பழம் சீக்கிரம் இனித்துப் புளிப்பை இழந்துவிடுகிறது. இங்கிலாந்தின் அழுமூஞ்சிக் கோடை முதல்முறையாக எதற்கோ உதவியிருக்கிறது.

பிறகு பல துண்டு நிலங்களின் வைன்களைச் சுவைத்துக் கலக்கிறார்கள். கலவையோடு லீற்றருக்கு ஏறக்குறைய 24 கிராம் சீனியும் கொஞ்சம் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலில் விட்டு, சோடாப் போத்தலுக்குப் போடுவது போன்ற தகர மூடியால் அடைக்கிறார்கள். ஒரு போத்தலுக்கு 18 கிராம், அதாவது நாலரைத் தேக்கரண்டி சீனி. வாயு வெளியே போக வழியில்லை. உள்ளே அழுத்தம் 6 வளிமண்டலம் வரைக்கும் ஏறும். கார் டயரில் இருப்பதைப்போல இரண்டரை, மூன்று மடங்கு. வெறும் போத்தலைத் தூக்கிப் பார்த்தவர்கள் இவ்வளவு பாரமா என்று கேட்பதற்கும் அதுதான் காரணம். அந்தத் தடித்த கண்ணாடி இல்லாவிட்டால் வெடித்துவிடும்.

கண்ணாடி என்றதும் ஒரு பழைய வழக்கு ஞாபகம் வருகிறது. நுரை வைனைக் கண்டுபிடித்தவர் டொம் பெரிஞ்ஞோன் என்ற பிரெஞ்சுத் துறவி என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அவர் ஓவில்லேயர் மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றது 1668 இல், அங்கே அவர் பாடுபட்டதோ பெரும்பாலும் நுரை வராமல் தடுப்பதற்கு! அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே, 1662 டிசம்பரில், கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கில மருத்துவர் லண்டன் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தில் ஒரு கட்டுரை படித்தார். வைன் துள்ளலாக வரவேண்டும் என்று இங்குள்ள வைன் வியாபாரிகள் சீனியும் பாகும் சேர்க்கிறார்கள் என்று அதில் இருக்கிறது. அதற்கேற்ற போத்தலும் இங்கே இருந்தது: மரத்தைக் கப்பல் கட்ட மிச்சம்பிடிக்கவென்று கண்ணாடிச் சூளைகளில் விறகு எரிப்பதை 1615 இல் ஆங்கில அரசர் தடை செய்திருந்தார். சூளைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினார்கள். நிலக்கரிச் சூட்டில் கிடைத்த போத்தல்தான் அந்த அழுத்தத்தைத் தாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் இதை அவ்வளவாகப் பேசமாட்டார்கள். ஆனால் ஷாம்பெயினை இன்றைய நிலைக்குக் கொண்டுவந்த உழைப்பு அவர்களுடையதுதான், அதில் எங்களுக்கு வழக்கில்லை.

போத்தலுக்குள் சீனி தீர்ந்ததும் ஈஸ்ட் செத்து அடியில் படிகிறது. இங்கேதான் காசு ஏறத் தொடங்குகிறது. செத்த ஈஸ்ட் மெல்லக் கரைந்து வைனோடு சேரும்போது பாண், பிஸ்கட், வறுத்த பாதாம் போன்ற வாசனை வருகிறது. குமிழும் சின்னதாகி மெதுவாக எழும்புகிறது. அவசரப்படுத்த வழியே இல்லை. வருடம் குறிக்காத ஷாம்பெயின் சட்டப்படி போத்தலில் மொத்தம் குறைந்தது 15 மாதம் கிடக்க வேண்டும், வருடம் குறித்தது 36 மாதம். நைட்டிம்பரின் வழக்கமான வைனான கிளாசிக் கியூவே சுமார் 3 ஆண்டு இருட்டில் கிடக்கிறது. இன்று உங்கள் கைக்கு வரும் போத்தலின் பழத்துக்கும் பறித்தவர்களின் கூலிக்கும் என்றைக்கோ காசு கொடுத்தாயிற்று. விற்ற காசு இன்னும் வரவில்லை. கடை நடத்துகிற எங்களுக்கு அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பாண் இரண்டு நாள் தங்கினாலே நட்டம்.

அடியில் படிந்த அந்த ஈஸ்ட் மண்டியை எப்படி வெளியே எடுப்பது? அதுதான் பெரிய தலையிடியாக இருந்தது. 1805 இல் 27 வயதில் கணவனை இழந்து வைன் வியாபாரத்தைத் தன் கையில் எடுத்தவர் மடாம் கிளிக்கோ. அவருடைய நிலவறையில்தான் மேசையில் துளை போட்டுப் போத்தல்களைத் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் திருப்பித் திருப்பி மண்டியைக் கழுத்துக்கு இறக்கும் வித்தை வந்தது. கையால் செய்தால் ஆறு, எட்டுக் கிழமை ஆகும். இன்று 504 போத்தலை ஒரே கூண்டில் வைத்து இயந்திரம் ஒரு கிழமையில் முடித்துவிடுகிறது. கையால் திருப்பினால்தான் ருசி என்று யாராவது உங்களிடம் கூடுதல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மண்டியைக் கீழே இறக்குவதில் ருசிக்கு வேலையில்லை.

பிறகு கழுத்தை மட்டும் உறைகுளிர்த் திரவத்தில் அமிழ்த்தி மண்டியைப் பனிக்கட்டியாக்கி மூடியைத் திறப்பார்கள். அழுத்தம் அந்தக் கட்டியை டப்பென்று வெளியே தள்ளிவிடும். குறைந்த இடத்தை நிரப்பும்போது கொஞ்சம் சீனி கலந்த வைன் சேரும். அப்புறம்தான் தக்கையும் கம்பியும்.

கடைசியில் சேர்க்கும் அந்தச் சீனியின் அளவுதான் லேபிளில் எழுதியிருப்பது. இதில் எங்களிடம் வராத முறைப்பாடே இல்லை. "புருட்" என்றால் லீற்றருக்கு 12 கிராமுக்குள். "எக்ஸ்ட்ரா ட்ரை" என்றால் 12 முதல் 17 கிராம் வரை. ஆம், பெயரில் ட்ரை (இனிப்பில்லாதது) என்று இருந்தாலும் புருட்டைவிட இனிப்பு அதிகம். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் ஒரு நாளாவது கடையில் நின்றிருந்தால் இப்படி வைத்திருக்க மாட்டார்கள். "டெமி செக்" 32 முதல் 50 கிராம். சீனி வியாதிக்காரர்கள் கேட்பதால் சொல்கிறோம்: புருட் போத்தல் முழுவதிலும் கூடினால் 9 கிராம் சீனி. 330 மில்லி கோலா டின் ஒன்றில் 35 கிராம். மதுசாரம் வேறு விஷயம், அதை வைத்தியரிடம் கேளுங்கள்.

விலைக்கு அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2023 ஆகஸ்ட் வரை நுரை வைன் போத்தல் ஒன்றுக்குத் தீர்வை 2.86 பவுண்ட், நுரை இல்லாததற்கு 2.23. குமிழுக்குத் தனி வரி என்பதுபோல. இப்போது மதுசார அளவை வைத்து மட்டும்தான் தீர்வை. மதுசார அளவு ஒன்றென்றால் அது மலிவான போத்தலுக்கும் இதற்கும் ஒன்றுதான், ஆகவே இந்த வித்தியாசத்தை அதன் தலையில் போட முடியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2012 இல் மழையும் குளிருமாக ஒரு கோடை. பழம் சரியில்லை என்று தலைமை வைன் தயாரிப்பாளர் ஷெரி ஸ்பிரிக்ஸ் முடிவெடுத்தார். அந்த வருடத்து அறுவடையிலிருந்து நைட்டிம்பர் ஒரு போத்தல்கூடச் செய்யவில்லை. ஒரு வருட வருமானம் போயிற்று. பழத்தை வெளியில் வாங்காமல் சொந்தத் தோட்டங்களில் விளைவதை மட்டுமே பயன்படுத்துகிறவர்களுக்கு வேறு வழியும் இல்லை. அதே ஸ்பிரிக்ஸ் 2018 இல் உலகின் சிறந்த நுரை வைன் தயாரிப்பாளர் விருது வாங்கினார். ஷாம்பெயினுக்கு வெளியே அதை வாங்கிய முதல் ஆள் அவர், முதல் பெண்ணும் அவர்தான்.

அதற்காக எல்லாரும் இதைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. தோடம்பழச் சாறு கலந்து குடிக்கப் போகிறீர்கள் என்றால் புரொசெக்கோவோ காவாவோ எடுங்கள். இதைக் கலப்பது பாவம். நூறு பேர் கூடும் சாமத்திய வீட்டுக்கும் இது வேண்டாம். காவாவும் இதே பாரம்பரிய முறைதான், ஆனால் குறைந்தது 9 மாதத்தில் வெளியே வரலாம் என்பதால் விலை கையைக் கடிக்காது. ஆறேழு பேர் இருந்து கதைக்கும் நாளுக்கு நைட்டிம்பர். பொரித்த சாமானோடு, மட்டன் ரோல்ஸ், கட்லட், வடை எதுவானாலும், புருட்டின் புளிப்பு எண்ணெயை அப்படியே வழித்துக்கொண்டு போகும். கேக், பலகாரம் என்றால் அவர்களுடைய டெமி செக்கைக் கேளுங்கள். இனிப்போடு புருட்டைக் குடித்தால் வெறும் புளிப்புத்தான் தெரியும்.

திறக்கும் முறை: குளிர்சாதனப் பெட்டியில் குறைந்தது நான்கு மணிநேரம். கம்பியை ஆறு அரைச்சுற்று சுற்றினால் கழன்றுவிடும். அந்த நேரம் முழுவதும் பெருவிரல் தக்கையின் மேலேயே இருக்க வேண்டும். போத்தலைச் சாய்த்துப் பிடித்து, ஆட்களையும் விளக்கையும் பார்க்காத பக்கம் திருப்பி, தக்கையை அசையாமல் பிடித்துக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள். சத்தம் பெருமூச்சு விட்டதுபோல வந்தால் போதும். ஒடுங்கிய நீளக் குவளையைவிட நடுவில் கொஞ்சம் அகன்ற வைன் குவளை நல்லது, வாசனைக்கு இடம் வேண்டும்.

எங்களிடம் வாங்கிய போத்தல் ஏதாவது ஈரக் கடதாசிப் பெட்டிபோல மணம் அடித்தால், தக்கை கெட்டுவிட்டது என்று அர்த்தம். அது உங்கள் பிழையும் இல்லை, எங்கள் பிழையும் இல்லை. மிச்சத்தை ஊற்றிவிடாமல் அப்படியே மூடிக் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

குளிரூட்டிய போத்தல் வேண்டுமானால் முதல்நாளே சொல்லி வையுங்கள். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நேரத்தில் 6 தான் நிற்கும், மீதி இடம் தயிருக்கு.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்