எத்வாரைத் திருப்பிக் கொடுங்கள்

அலெக்ஸாண்டர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிடுகிறவர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு விடுமுறையில் ஒரு சுருக்கப் பதிப்பு வழியாகத்தான் நான் இந்தக் கதைக்குள் நுழைந்தேன். அந்த வகையில் உங்கள் எல்லோருக்கும் நன்றி. ஆனால் டாங்லார் தப்பித்தது ஏன் என்று எனக்கு அப்போது புரியவே இல்லை. பொறாமையில் இடது கையால் மொட்டைக் கடிதம் எழுதி, 19 வயது எட்மண்ட் தாந்தேஸை நிச்சயதார்த்த விருந்திலேயே பிடித்துப்போக வைத்தவன் அவன். அதனால்தானே 14 வருஷம் இஃப் கோட்டைச் சிறை. அங்கிருந்து தப்பிய தாந்தேஸ்தான் மாண்டி கிறிஸ்டோ பிரபு என்ற பெயரில் பழிவாங்கத் திரும்புகிறார். மற்ற இருவரில், அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்த ஃபெர்னாண்ட் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறான், தாந்தேஸைச் சிறைக்கு அனுப்பிய அரசு வழக்கறிஞர் வில்ஃபோருக்குப் பைத்தியம் பிடிக்கிறது. இவனை மட்டும் பட்டினி போட்டு, ஒரு கோழிக்கு ஒரு லட்சம் ஃபிராங்க் பிடுங்கி, கடைசியில் போகச் சொல்லிவிடுகிறார் பிரபு. ஏன்?

பல வருஷம் கழித்து 117 அத்தியாயங்களையும் படித்தபோதுதான் பதில் கிடைத்தது. வில்ஃபோரின் சின்ன மகன் எத்வார் செத்துக் கிடக்கிறான். நான் முதலில் படித்த புத்தகத்தில் அவன் பெயர்கூட இல்லை.

வில்ஃபோரின் மனைவியிடம் விஷங்களைப் பற்றி, துளித்துளியாகச் சாப்பிட்டு உடம்பைப் பழக்குவது வரைக்கும், விலாவாரியாகப் பேசியவர் பிரபுதான். அந்த வீட்டில் அடுத்தடுத்து சாவு விழுகிறது என்று, பிரபு மகன்போல நேசிக்கும் மாக்ஸிமிலியன் வந்து சொன்னபோதும் அது கடவுளின் தீர்ப்பு, நீ தலையிடாதே என்கிறார். அந்த வீட்டுப் பெண் வாலன்டைனைக் காதலிக்கிறேன் என்று அவன் கதறிய பிறகுதான் பதறுகிறார். அவளைக் காப்பாற்றியும் விடுகிறார். அப்புறம், விஷம் வைத்துக் கொன்றவள் தான்தான் என்று கணவனிடம் மாட்டிக்கொண்ட எத்வாரின் தாய் தான் விஷம் குடிக்கும்போது மகனுக்கும் கொடுத்துவிடுகிறாள். வில்ஃபோர் பிரபுவை இழுத்துப்போய் இரண்டு உடல்களையும் காட்டி, எட்மண்ட் தாந்தேஸ், உன் பழி தீர்ந்ததா பார் என்கிறான். பிரபு பையனைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்கு ஓடிக் கதவைப் பூட்டிக்கொள்கிறார். கால்மணி நேரம். திரும்பி வரும்போது முகம் வெளுத்திருக்கிறது, கையில் அதே உடல். தாயின் பக்கத்தில் கிடத்துகிறார். கடவுள் என் பக்கம் என்று அதுவரை சொல்லிவந்த மனிதரால் அதற்கு மேல் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பழிவாங்கியது சரியா? ஃபெர்னாண்ட் விஷயத்தில் சரி என்றுதான் சொல்வேன். தன் அப்பாவை அவன் காட்டிக்கொடுத்ததையும் தன்னை அடிமையாக விற்றதையும், பிரபுவின் பாதுகாப்பில் வாழும் ஹைதே என்ற பெண் சபையில் நின்று சொல்கிறாள், அத்தனையும் உண்மை. தாந்தேஸின் அப்பா பட்டினி கிடந்து செத்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனால் எத்வார்? செல்லம் கொடுத்துக் கெட்ட துடுக்குப் பிள்ளை, அவ்வளவுதான். அந்த மொட்டைக் கடிதம் எழுதப்பட்டபோது அவன் பிறக்கவே இல்லை. இவன் சாவையும் சேர்த்து நியாயம் என்று என்னால் சொல்ல முடியாது. டூமாவும் சொல்லவில்லை. இவனை வெட்டிவிட்டால் பழிவாங்குவது சுத்தமான வேலை என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பக்கத்தைக் குறைக்க வேண்டும், தெரியும். ரோம் திருவிழாவை வெட்டுங்கள், கொள்ளையர் கதைகளைக் குறையுங்கள். டாங்லாரை விடும்போது பிரபு, எனக்கும் மன்னிப்பு வேண்டியிருக்கிறது, அதனால் உன்னை மன்னிக்கிறேன் என்கிறார். படிக்கிற பிள்ளை அந்த இடத்துக்கு வரும்போது, அவர் யாருடைய சாவை நினைத்துப் பேசுகிறார் என்று அதற்குத் தெரிய வேண்டும். இரண்டே பக்கம் போதும், அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுங்கள்.