தொட்டியின் அகலம் 12 அங்குலம், மீன் 13 அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டில் வண்ணமீன் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த குறிப்பைப் படித்தேன். தொட்டி, ஃபில்டர், தீனி எல்லாம் சொல்லியிருந்தார்கள். வளர்த்த மீன் வேண்டாம் என்றாகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் இல்லை. அந்த இடத்தில் நான் ஆறு மாதம் மாட்டிக்கொண்டு நின்றவன்.

நான் தையல்காரன். 4 வருடத்துக்கு முன் மகளுக்காக 2 அடித் தொட்டி வாங்கினேன். கண்ணாடியில் பாசி படிந்தபோது, “ஒரு சக்கர் மீன் போடுங்க, அதுவே சுத்தம் பண்ணிடும்” என்றார் கடைக்காரர். சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. பாசியை மேய்ந்தது உண்மை. அதைவிட அதிகமாகக் கழிவு போட்டதும் உண்மை. தொட்டி சின்னதானால் மீனும் சின்னதாகவே நின்றுவிடும் என்று ஒரு பேச்சு உண்டே, நம்பாதீர்கள். அப்படி நின்றால் அது சீக்குப் பிடித்த மீன். எங்களுடையது நிற்கவில்லை. ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நாடாவைப் பிடித்து அளந்தேன்: 13 அங்குலம். தொட்டியின் அகலமோ 12. பாவம், திரும்புவதற்கே உடம்பை வளைக்க வேண்டியிருந்தது.

வாங்கிய கடையில், விற்ற மீனைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். “குளத்துல விட்டுடுங்க, அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பிழைத்துக்கொள்ளும் என்பதுதான் தொல்லையே. தென் அமெரிக்க ஆறுகளில் பிறந்த இனம் அது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, துடுப்பில் முள். சுலபத்தில் எதுவும் விழுங்காது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றாலேயே சுவாசிக்கும். ஆண் மீன் முட்டைக்காகக் கரையைக் குடையும், கரை சரியும். மீன்பிடிப்பவர்களின் வலையையும் கிழிக்கும். கடலிலும் இதே கதை நடந்திருக்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்குச் சொந்தமான லயன் ஃபிஷ் 1985இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கரையோரம் தென்பட்டது. இன்று கரீபியன் கடல் முழுக்க இருக்கிறது. யாரோ தொட்டியிலிருந்து விட்டவைதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள்.

அப்புறம் ஒரு கடை கிடைத்தது. பெரிய தொட்டிகள் வைத்திருப்பவர். மாற்றுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். கொண்டுவருவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள், பையில் கொண்டுவராதீர்கள், முள் குத்தி ஓட்டையாகிவிடும், மூடி போட்ட வாளியில் உங்கள் தொட்டித் தண்ணீரோடே கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். மற்ற கடைகள் ஏன் மறுக்கின்றன என்றும் அவரிடம்தான் கேட்டேன். வெளியிலிருந்து வரும் மீனை இரண்டு மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டுமாம். நோயிருந்தால் கடை மீன் அத்தனைக்கும் தொற்றும். நியாயம்தான். ஆனால் அந்தத் தனித் தொட்டிக்கு இடமில்லாத கடை, ஓரடிக்கு மேல் வளரும் மீனை விற்காமலாவது இருக்கலாமே?

பள்ளிச் சீருடை தைக்க வந்தால் ‘வளரும் பிள்ளையா’ என்று கேட்டு, உள்ளே ஒன்றரை அங்குலம் துணி மடித்து விடுவோம். மீன் விற்பவர்கள் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. ‘உங்கள் தொட்டி எத்தனை அடி?’ அவ்வளவுதான். விலை எழுதும் சீட்டிலேயே, முழுதாக வளர்ந்தால் எத்தனை அங்குலம் என்றும் எழுதி ஒட்டலாம். வேண்டாம் என்று மீனை அடுத்தவருக்குக் கொடுப்பவர்களும் உண்மையைச் சொல்லியே கொடுக்க வேண்டும். ஆஸ்கர் மீன் வாய்க்குள் அடங்கும் மீனைத் தின்னும். கப்பி மீனில் பெண் மீனை மட்டும் கொடுத்தாலும், முன்பே ஆணோடு இருந்திருந்தால் மாதக்கணக்கில் குஞ்சு போடும். வாங்கிய பிறகு தெரிந்தால் அவர்களும் வாளியோடு அலைவார்கள்.

தாங்கள் வாரம் ஒருநாள் வரி விளம்பரப் பகுதியில் ‘மீன் கொடுக்க, மாற்ற’ என்று நான்கு வரி ஒதுக்கினாலும் உதவியாக இருக்கும்.

சக்கருக்கு மாற்றாக என்ன வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் கேட்டபோது, மகள் ஆஸ்கர் குஞ்சைக் காட்டினாள். எத்தனை அங்குலம் வளரும் என்று கேட்டேன். 12 என்றார். நியான் டெட்ரா? ஒன்றரை. எட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்