ஸ்தோத்திர ஞாயிறு: வீட்டில் ஆயத்தம்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வரும் ஞாயிறு காலை 8.30 ஆராதனையில் குடும்பங்கள் தினமும் கடவுளுக்கு நன்றி எழுதிச் சேர்த்த சீட்டுகளைப் படைக்கிறோம். இன்றிரவு குடும்ப ஜெபத்திலேயே தொடங்குங்கள்.

1. காலி ஹார்லிக்ஸ் பாட்டில், சிறு தாள்கள், பேனா மூன்றும் ஜெபம் செய்யும் இடத்திலேயே இருக்கட்டும். தேடி எடுக்க வேண்டியிருந்தால் மூன்றாம் நாளே நின்றுவிடும்.

2. தினமும் ஆளுக்கு ஒரு சீட்டு, தேதியுடன் எழுதி பாட்டிலில் போடுங்கள். அன்று நடந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள்: "பாட்டிக்குக் காய்ச்சல் விட்டது", "குழாயில் தண்ணீர் வந்தது". "எல்லாவற்றுக்கும் நன்றி" என்றே தினமும் எழுதினால் மனம் அதில் ஒட்டாது.

3. சங்கீதம் 136: ஒருவர் வசனத்தின் முதற்பாதியை வாசிக்க, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லுங்கள். 26 வசனத்துக்கும் இதே பதில்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

4. துக்க வீட்டாரைச் சீட்டு எழுதச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், தயவுசெய்து. 1 தெசலோனிக்கேயர் 5:18 "எல்லாவற்றிலேயும்" ஸ்தோத்திரம் செய்யச் சொல்கிறது. இழப்புக்காக நன்றி சொல்லக் கேட்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து சங்கீதம் 13 வாசியுங்கள். ஆறே வசனம், "எதுவரைக்கும்" என்ற கதறலோடு தொடங்குகிறது.

5. சீட்டுகளை உறையில் போட்டு வாருங்கள். பெயர் வேண்டாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.