மகனைக் காத்தவர்களுக்கு நன்றி மடல்

மஸ்கெலியாவில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து உறவுகளுக்கும், பேராதனை சிறுவர் வைத்தியசாலையின் வைத்தியர்கள், தாதியர், சிற்றூழியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மலசலகூடக் குழாயின் அடைப்பெடுக்க வாங்கிய காரத் திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைத்தவன் நானே. நான்கு வயது மகன் அதில் ஒரு மிடறு விழுங்கிவிட்டான். பதறிப்போய் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முனைந்த என் கையைப் பிடித்துத் தடுத்த மருத்துவமாது அக்காவுக்கே முதல் நன்றி. இறங்கும்போது சுட்ட காரம் திரும்பி வரும்போது மறுபடியும் சுடும் என்றும், தேசிக்காய்ச் சாற்றால் அதை முறிக்கப் பார்த்தால் உள்ளே சூடுதான் பிறக்கும் என்றும் அவர் சொன்னார். உதட்டில் சிறு சிவப்பைத் தவிர எதுவும் தெரியாததால், விடிந்ததும் போகலாம் என்று நான் சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. வாயில் காயமில்லாமலே உணவுக்குழாய் வெந்திருக்கக்கூடும் என்றார். போத்தலையும் கையோடு எடுத்துவரச் சொன்னவர் அவர்தான்.

மூடுபனியில் எங்கள் வரிசை வீடுகளான லயத்தடி வரை வந்த 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் ஊழியர்களுக்கும், அன்றிரவே கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக எங்களைப் பேராதனையில் சேர்த்த சாரதிக்கும் கடமைப்பட்டுள்ளோம். 24 மணித்தியாலத்துக்குள், கமெரா பொருத்திய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்து புண்ணின் ஆழத்தைக் கண்ட வைத்தியர்கள், மூக்கு வழிக் குழாயால் பால் கொடுத்தார்கள். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளிறங்கும் என்பதையும், புண் ஆறும்போது தழும்பு சுருங்கி உணவுக்குழாயை நெருக்கும் என்பதையும் அவர்கள் முன்கூட்டியே பொறுமையாக விளக்கியிருந்ததால்தான், நான்காம் வாரத்தில் கஞ்சிகூட இறங்காமல் அவன் திணறியபோது நாங்கள் உடைந்துபோகவில்லை. பலூன் வைத்துக் குழாயை விரிக்கும் சிகிச்சை இதுவரை ஆறு முறை நடந்திருக்கிறது, இன்னும் நடக்கும்.

சிகிச்சை இலவசம் என்றாலும் போக்குவரவுக்கும் தங்குவதற்கும் காசு வேண்டுமே. அதற்காக ஆளுக்கு ஒருநாள் பேரை, அதாவது ஒருநாள் கூலியைத் தந்த கொழுந்தெடுக்கும் அக்காமாரும், என் மூத்த மகளை வீட்டுப் பிள்ளையாக வைத்துப் பார்த்துக்கொண்ட பக்கத்துக் காம்பராக்காரரும், எனக்கே தெரியாமல் லயத்திலிருந்த இத்தகைய போத்தல்களையெல்லாம் தேடி எடுத்து அப்புறப்படுத்திய இளைஞர்களும் என்னை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை தாங்கமுடியாத உதவி.

கடந்த ஞாயிறு ரொட்டி வேண்டுமென்றான். தேநீரில் ஊறவைத்துக் கொடுத்தோம். இறங்கியது.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்