ஆய்வை விட்டுவிட நினைக்கும் ஒரு மாணவருக்கு: நீட்சேயை முன்வைத்து ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் நீங்கள், இத்தனை மேற்கோள்களுக்கு நடுவே உங்களையே காணவில்லை என்றும், ஜெர்மானியத் தத்துவஞானி நீட்சே சொன்னபடி நீங்கள் நீங்களாக இருக்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுவதுதான் வழி என்று தோன்றுகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். இதே குழப்பத்தில் இருப்பவர்கள் வேறு பலரும் உண்டு என்பதால், உங்கள் இசைவுடன் பொதுவில் பதில் எழுதுகிறேன். விடுவதும் தொடர்வதும் உங்கள் உரிமை. ஆனால் நீட்சேயின் பெயரால் அந்த முடிவை எடுப்பதாக இருந்தால், புலமையையும் கல்வியையும் தன்னைக் கண்டடைவதையும் பற்றி அவர் எழுதியதை முழுவதுமாகப் பார்த்த பிறகு எடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் ஒன்றை நினைவில் வையுங்கள். நீட்சே புலமையை வெளியே நின்று பழித்தவர் அல்லர். 1858 முதல் 1864 வரை ஷுல்போர்ட்டா என்ற கண்டிப்பான உறைவிடப் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் பயின்று, பான் நகரிலும் பிறகு லைப்சிக்கிலும் ரிட்ஷல் என்ற பேராசிரியரிடம் பழம்பிரதிகளை ஆராயும் துறையில் தேர்ந்தவர். தியோக்னிஸ் என்ற கிரேக்கக் கவிஞரின் பெயரில் கிடைக்கும் பாடல் தொகுப்பு எந்த ஒழுங்கில் கோக்கப்பட்டது என்பதுதான் அவர் அச்சில் கண்ட முதல் ஆய்வு. ஒரு பாடலில் வரும் சொல் அடுத்த பாடலிலும் வருவதைக் கொண்டு தொகுத்தவர் அவற்றை வரிசைப்படுத்தினார் என்று அவர் வாதிட்டார். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து அந்தாதியாக அமைந்திருப்பதைப் பற்றி ஓர் இயல் எழுதிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்தக் கேள்வியின் சுவையை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து, தத்துவவாதிகளின் வாழ்க்கைகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் தம் செய்திகளை எந்தெந்த நூல்களிலிருந்து எடுத்தார் என்பதை ஆராய்ந்து 1867இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பரிசைப் பெற்றார். மூல நூலை விட்டு அதன் மூலங்களைத் தேடும் வேலை. இதைவிட வறண்ட ஆய்வைக் கற்பனை செய்வது கடினம். அந்தக் கட்டுரையின் முகப்பில் அவர் பொறித்த வாசகம்தான், நீ எவனோ அவனாகவே ஆகு என்று பொருள்படும், பிண்டார் என்ற பழங்கிரேக்கக் கவிஞரின் வரி. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1888இல் எழுதிய தன்வரலாறான 'எக்கே ஹோமோ'வின் துணைத்தலைப்பாகவும் அதே கருத்துத்தான் நிற்கிறது. இன்று வேலையைத் துறக்கச் சொல்லும் முழக்கமாக உங்கள் காதில் விழும் அந்தச் சொல்லை, அவர் மூலங்களைத் தேடும் ஓர் ஆய்வின் முதல் பக்கத்தில் எழுதினார் என்பதை நான் தற்செயலாகக் கருதவில்லை.

1869இல், இருபத்து நான்கு வயதில், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக்கியது. முனைவர் பட்டம்கூட அப்போது கையில் இல்லை. அச்சான கட்டுரைகளின் அடிப்படையில் லைப்சிக் தேர்வில்லாமலே அதை வழங்கியது. பாசலில் 1872ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில், கல்வி நிறுவனங்களின் எதிர்காலம் என்ற தலைப்பில் ஐந்து பொதுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறாவதையும் திட்டமிட்டிருந்தார், அது நிகழவில்லை, உரைகளை நூலாகவும் அவர் வெளியிடவில்லை. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானவை இந்த உரைகள் என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும்.

உரைகள் ஒரு கதையின் வடிவில் செல்கின்றன. ரைன் நதிக்கரையில் ரோலாண்ட்ஸெக் என்ற இடத்துக்கு இரண்டு மாணவர்கள் கைத்துப்பாக்கி பழகச் செல்கிறார்கள். அவர்கள் தங்களுக்குள் சுட்டுக்கொள்ளப் போகிறார்கள் என்று பதறி ஒரு முதியவர் ஓடிவந்து தடுக்கிறார். அவர் ஒரு தத்துவஞானி. அவருடன் வந்திருக்கும் இளைஞர், பள்ளி ஆசிரியர் வேலையின் மீது நம்பிக்கை இழந்து அதை விட்டுத் தனிமையைத் தேடிப் போனவர். நீங்கள் எழுதிய கடிதத்தை அவர் எழுதியிருக்கலாம். முதியவர் அவரைத் தட்டிக்கொடுக்கவில்லை; ஏன் விட்டாய், எதைக் கண்டு விட்டாய் என்று துருவித் துருவிக் கேட்கிறார். மாணவர்கள் இருளில் மறைந்திருந்து அந்த உரையாடலைக் கேட்கிறார்கள்.

ஐந்தாம் உரையில் வரும் ஒரு சித்திரம் இன்றைய வகுப்பறைக்கும் பொருந்தும். பல்கலைக்கழகத்துடன் மாணவனுக்கு இருக்கும் தொடர்பு எது என்று ஒரு வெளிநாட்டவர் கேட்டால், காதுதான் என்று சொல்ல வேண்டியிருக்கும் என்கிறார் முதியவர். பேசுகிற ஒரு வாய், கேட்கிற பல காதுகள், அவற்றில் பாதி எண்ணிக்கையில் எழுதுகிற கைகள்: வெளியிலிருந்து பார்த்தால் உயர்கல்வி என்ற அமைப்பு முழுவதும் இவ்வளவுதான். அந்த வாய் விரும்பியதைப் பேசலாம், அந்தக் காதுகள் விரும்பியதைக் கேட்கலாம்; இதற்குத்தான் கல்விச் சுதந்திரம் என்று பெயர், பின்னால் சற்றுத் தள்ளி அரசு கண்காணித்தபடி நிற்கிறது. வழிகாட்டல் மிகத் தேவைப்படும் வயதில் மாணவன் தனியே விடப்படுகிறான் என்பதே அவர் மனக்குறை.

தன்னைத் தேடச் சொன்னவரா இப்படிச் சொல்கிறார் என்று நீங்கள் வியக்கலாம். ஆம், அவரேதான். பள்ளி மாணவர்களைக் கட்டுரைகளில் சொந்தக் கருத்தை எழுதச் சொல்வதையே அவர் அந்த உரைகளில் கடுமையாக எதிர்த்தார். தாய்மொழியையே இன்னும் ஒழுங்காக எழுதப் பழகாத ஒருவனிடம் பெருங்கவிஞர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்படி கேட்டால், அவனிடமிருந்து வருவது அவனுடைய குரலாக இராது. பத்திரிகைகளிலிருந்து ஒட்டிக்கொண்ட நடைதான் தனித்தன்மை என்ற பெயரில் வெளிவரும் என்பது அவர் வாதம். மொழியில் கண்டிப்பான பயிற்சியும், தன்னைவிடப் பெரிய ஒன்றுக்குப் பணிந்து கற்பதும் முதலில் வர வேண்டும் என்றார்.

இந்த உரைகளில் நான் அவரோடு முற்றிலும் வேறுபடும் இடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் கடந்தால் உங்களுக்கு நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். கல்வி எல்லோருக்கும் பரவுவதை அவர் கல்வியின் வீழ்ச்சியாகவே கண்டார். உண்மையான கல்வி மிகச் சிலருக்கே உரியது என்று நம்பினார். அதே 1872இல் எழுதிய 'கிரேக்க அரசு' என்ற சிறு கட்டுரையில், உயர்ந்த பண்பாட்டுக்கு அடிமைத்தனம் தேவை என்ற அளவுக்கே போகிறார். எழுத்தறிவு மறுக்கப்பட்ட தலைமுறைகளின் பேரப்பிள்ளைகளாகிய நம்மால் இதை ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. கல்வி பரவியதனால் அல்ல, பரவிய கல்வியை வேலைக்கும் சம்பளத்துக்குமான பயிற்சியாக மட்டுமே சுருக்கியதனால்தான் அது மெலிந்தது. அந்தச் சுருக்கத்தையும் அவர் கண்டு சொன்னார்; ஆனால் பரவலோடு சேர்த்தே பழித்துவிட்டார். அவருடைய கேள்வியை எடுத்துக்கொண்டு இந்த விடையை நாம் விட்டுவிடலாம்.

இனி நீங்கள் குறிப்பிட்ட வாசகத்துக்கு வருகிறேன். அது, நீட்சேக்கு முந்தைய தலைமுறை ஜெர்மானியத் தத்துவஞானி ஷோப்பன்ஹவரைப் பற்றி 1874இல் வெளிவந்த 'ஆசானாக ஷோப்பன்ஹவர்' என்ற கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கிறது. பல நாடுகளையும் மக்களையும் கண்ட பயணி ஒருவரிடம், எங்கும் மனிதரிடம் பொதுவாகக் கண்ட குணம் எது என்று கேட்கிறார்கள். சோம்பல் என்கிறார் அவர். அஞ்சுகிறார்கள் என்றும் சொல்லியிருக்கலாம், ஆனால் அச்சத்தைவிடச் சோம்பல்தான் மனிதரைக் கூட்டத்தோடு கூட்டமாக வைத்திருக்கிறது என்பது நீட்சேயின் விளக்கம். நீ நீயாக இரு, இப்போது நீ செய்வதும் எண்ணுவதும் விரும்புவதும் எதுவும் நீ அல்ல என்று மனச்சாட்சி கூவுவது அந்த இடத்தில்தான். சமூக ஊடகங்களில் பரவும் மேற்கோள் அங்கேயே நின்றுவிடுகிறது. கட்டுரையோ அடுத்த பக்கத்தில்தான் உயிர் பெறுகிறது.

அங்கே அவர் கேட்கிறார்: சரி, ஒருவன் தன்னை எப்படி அறிவது? தனக்குள்ளேயே தோண்டிக்கொண்டு இறங்குவது வேதனையானது, ஆபத்தானதும்கூட. தோல் தோலாக உரித்துக்கொண்டே போனாலும் இதுதான் நான், இதற்குமேல் தோலில்லை என்று சொல்லத்தக்க இடம் வரவே வராது. ஆகவே அவர் வேறொரு வழியைக் காட்டுகிறார். இதுவரை நீ உண்மையாக நேசித்தது எது, எது உன் உள்ளத்தை மேலே இழுத்தது, எது உன்னை ஆட்கொண்டு அதே வேளையில் மகிழ்வித்தது என்று திரும்பிப் பார். அவற்றையெல்லாம் வரிசையாக உன் முன் நிறுத்து. ஒன்று மற்றொன்றை நிறைவாக்கி விரித்து உயர்த்துவதைக் காண்பாய்; அவை சேர்ந்து நீ இதுவரை ஏறி வந்த ஏணியாகத் தெரியும். உன் உண்மை இயல்பு உனக்குள் ஆழத்தில் புதைந்திருக்கவில்லை, நீ வழக்கமாக நான் என்று எண்ணிக்கொள்வதற்கு அளவிட முடியாத உயரத்தில் இருக்கிறது.

தம்பி, இந்தப் பத்தியை நான் பல முறை வாசித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் நிமிர்கிறது. தன்னைக் கண்டடைவது என்றால் எல்லாவற்றையும் உதறிவிட்டு உள்ளே போவது என்ற எண்ணத்தை இது அடியோடு மாற்றுகிறது. நாம் யார் என்பதற்கான சான்று நாம் நேசித்தவற்றில் இருக்கிறது; அவற்றுள் நூல்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. நீட்சேக்கு அப்படி ஒன்று வாய்த்தது 1865இல், லைப்சிக்கின் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஷோப்பன்ஹவரின் முதன்மை நூலைக் கையில் எடுத்தபோது. இத்தனைக்கும் இந்தக் கட்டுரை ஷோப்பன்ஹவரின் கொள்கைகளை விளக்குவதே இல்லை. அவருடைய நேர்மையையும் மகிழ்ச்சியையும் உறுதியையும் பற்றிப் பேசுகிறது. உன் ஆசான்கள் உன் விடுதலையாளர்களாக மட்டுமே இருக்க முடியும் என்கிறது. களையையும் இடிபாட்டையும் அகற்றி இளம்பயிருக்கு வெளிச்சம் தருவதே கல்வி, அதற்குச் செயற்கை உறுப்புகளைப் பொருத்துவது அன்று.

உங்களுடைய கசப்பு நீட்சேக்கும் இருந்தது. அதே கட்டுரையின் ஆறாம் பகுதியில், அறிஞன் என்பவன் எவ்வகை உந்துதல்களின் கலவை என்று அவர் பிரித்துக் காட்டுகிறார்: புதுமை வேட்கை, வாதத்தில் வெல்லும் ஆசை, பிழைப்பு, வேலையின்றி இருந்தால் சலித்துவிடுமோ என்ற பயம், ஆசிரியர் காட்டிய வழியிலேயே கடைசிவரை நடக்கும் பணிவு. உண்மை மீதான தூய வேட்கை அந்தக் கலவையில் அரிதாகவே இருக்கிறது. இதற்கு முந்தைய பகுதியில் சொன்னது இன்னும் கூர்மையானது. நம் நெஞ்சோடு தனித்திருக்க அஞ்சித்தான் அரசுப் பணிக்கும் பொருளீட்டலுக்கும் கூட்டத்துக்கும் ஆய்வுக்கும் நம்மை அவசர அவசரமாக ஒப்புக்கொடுக்கிறோம் என்கிறார். அப்படியானால் மிகுந்த உழைப்புக்கூடச் சோம்பலின் ஒரு வடிவமாக இருக்க முடியும். நூற்றுக்கணக்கான அடிக்குறிப்புகளுக்குள் ஒருவர் தம்மை ஒளித்துக்கொள்ளலாம். வெளியேறுகிறேன் என்ற பரபரப்புக்குள்ளும் அதேபோல் ஒளித்துக்கொள்ளலாம்.

அவர் பல்கலைக்கழகத்தை விட்டாரே என்று கேட்பீர்கள். விட்டார், 1879இல், கண்ணும் தலையும் வயிறும் உழைக்க மறுத்த நிலையில். அதற்கு முன்பே துறை அவரைக் கைவிட்டிருந்தது. 1872இல் வந்த அவருடைய முதல் நூலை, அதே ஷுல்போர்ட்டாவில் படித்த இளம் அறிஞர் விலாமோவிட்ஸ் ஒரு துண்டுநூல் எழுதித் தாக்கினார். அடுத்த பருவத்தில் நீட்சேயின் வகுப்பில் அந்தத் துறை மாணவர் ஒருவர்கூடச் சேரவில்லை. பின்னாளில் எக்கே ஹோமோவில் தம் நோய்க்கே நன்றி சொல்கிறார்: கண்நோய் ஆண்டுக்கணக்கில் நூல்களிலிருந்து பிரித்தது, இடைவிடாமல் பிறருடைய குரல்களைக் கேட்டுக் கேட்டு ஊமையாகிப் புதைந்திருந்த தன் அடிமனம் அப்போதுதான் மெல்லப் பேசத் தொடங்கியது என்கிறார். நாளெல்லாம் நூல்களைப் புரட்டும் அறிஞன் கடைசியில் தானாகச் சிந்திக்கும் ஆற்றலையே இழக்கிறான் என்று எழுதியதும் அதே நூலில்தான். உங்கள் பெருமூச்சுக்கு இவை ஆதரவாகத் தோன்றும்.

ஆனால் பதவியைத் துறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1886இல், 'வைகறை' என்ற நூலின் புதிய பதிப்புக்கு எழுதிய முன்னுரையையும் படியுங்கள். அவர் பயின்ற அந்தப் பழைய துறை கற்றுத் தருவது மெதுவாக வாசிப்பதை என்கிறார். எல்லாவற்றையும் உடனே முடித்துவிடத் துடிக்கும் காலத்தில், ஒதுங்கி நின்று, நேரம் எடுத்து, அமைதியாகி, முன்னும் பின்னும் பார்த்து, நுண்ணிய விரல்களாலும் கண்களாலும் வாசிக்கப் பழக்குவதால் அந்தத் துறை முன்னெப்போதையும்விட இன்று தேவை என்கிறார். 1888இல் 'விக்கிரகங்களின் அந்தி'யிலும், பார்க்கக் கற்பது என்றால் உடனே தீர்ப்புச் சொல்லாமல் பொறுத்து, பொருள் தானாக நம்மிடம் வர விடுவது என்று விளக்குகிறார். துறையை விட்டு வந்தவர் அதன் பயிற்சியை வாழ்நாள் முழுக்கக் கையோடு வைத்திருந்தார். அவருடைய நடையின் கூர்மைக்கே அந்த ஆண்டுகள்தான் காரணம் என்பது என் கருத்து.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இதைத்தான். ஆய்வைத் தொடரலாமா என்ற கேள்வியைச் சில நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் நேசித்தவற்றின் வரிசையை எழுதுங்கள். எந்தப் பாட்டு உங்களை இந்தத் துறைக்கு இழுத்து வந்தது, எந்த ஆசிரியரின் எந்த வகுப்பு, எந்த உரையாசிரியரின் எந்த வரி. இன்று எழுதும் இயல் அந்த வரிசையில் அடுத்த படியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், வழிகாட்டியின் கெடுபிடியையும் படிவங்களையும் மேற்கோள் எண்ணிக்கையையும் பொறுத்துக்கொண்டு முடியுங்கள். நிற்காவிட்டால், தலைப்பை மாற்றக் கேட்கலாம். அதுவும் முடியாதென்றால் விடலாம், அதில் இழிவு ஏதுமில்லை. இரண்டில் எதுவானாலும் அந்த அந்தாதி இயலை மட்டும் எழுதி முடித்து எனக்கு அனுப்புங்கள். போன முறை அனுப்பிய பக்கங்களில், ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாவதை நீங்கள் காட்டியிருந்த விதம் யாருடைய மேற்கோளும் அன்று.

ஷோப்பன்ஹவர் கட்டுரையின் முதல் பகுதியையும் வைகறையின் முன்னுரையையும் முதலில் படியுங்கள். அறிஞர்களைப் பற்றிய ஆறாம் பகுதியை அவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்