தாய்மொழிக் கட்டத்தின் முன் தயங்கும் வீடுகள்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைப் பதிவாளர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் தலைமுறைகளாகச் சௌராஷ்டிரம் பேசிவரும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். எங்கள் வீட்டுக்குள் 'பனி' என்றால் தண்ணீர். வாசற்படியைத் தாண்டினால் அதே சொல் மார்கழி விடியலில் தலையில் இறங்குவது. இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளையை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை.

2011 கணக்கெடுப்பில் தாய்மொழி எது என்று கேட்டபோது, என் தந்தை சற்றும் யோசிக்காமல் தமிழ் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. படித்ததும் கடைக்கணக்கு எழுதியதும் அண்டை வீட்டாரோடு சண்டையிட்டதும் தமிழில்தான். ஆனால் தம் தாயிடம் ஒருநாளும் அவர் தமிழில் பேசியதில்லை. டி. எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பை மெச்சும் பலருக்கு அவர் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது தெரியாது. எங்களவர் பலர் இப்படித்தான். வெளியாரிடம் தமிழராகவே பேசிப் பழகிவிட்டதால், கேட்டவுடன் அதுவே வாயில் வருகிறது.

2001இல் 1,85,420 ஆக இருந்த சௌராஷ்டிர மொழியினர் 2011இல் 2,47,702 ஆயினர். பிறப்பால் மட்டும் பத்தாண்டில் இவ்வளவு கூடியிருக்கும் என நான் நம்பவில்லை. கேட்ட விதமோ சொன்னவர்களின் மனமோ மாறியிருக்க வேண்டும்.

குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழியே தாய்மொழி என்பது தங்கள் துறையின் வரையறை. என் தந்தையின் தலைமுறைக்கு அது பொருந்தும். என் தம்பி மகளுக்கோ தாய் தமிழ்ப் பெண். பகல் முழுதும் வளர்ப்பவர் பாட்டி. தாயிடம் 'தண்ணி', பாட்டியிடம் 'பனி' என்று கேட்கும் அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு வரையறைப்படி தமிழ் என்றுதான் எழுத வேண்டும். சௌராஷ்டிரம், அறிந்த பிற மொழிகள் இரண்டுக்கான இடத்தில், பள்ளியில் கற்கப்போகும் ஆங்கிலத்தோடு சேர்ந்துவிடும். பிறந்த மொழியும் படித்த மொழியும் ஒரே கட்டத்தில் அடைபடுவது எனக்கு உறுத்துகிறது.

ஆகவே, 2027 கணக்கெடுப்பில் தாய்மொழியைக் கேட்கும்போது வரையறையையும் வாய்விட்டுச் சொல்லி, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்குமாறு களப்பணியாளர்களுக்கு வலியுறுத்த வேண்டுகிறேன். வீட்டில் பேசும் மொழிகள் எவை என்பதைத் தனிக் கேள்வியாகச் சேர்க்க இயலுமா என்றும் பரிசீலிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் படிவத்தை நானே நிரப்ப நேர்ந்தால், தந்தையிடம் இம்முறை சௌராஷ்டிரத்தில் கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
மதுரைவாசி ஒருவன்