உள்ளான்களை உண்ண விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்பளத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன் நான். கோடியக்கரைச் சாலையில் காலை நடை என் வழக்கம். ஐப்பசி மழை பிடிக்கும் முன்பே கொசு உள்ளான்கள் வந்துவிடுகின்றன. வடதுருவத்தை ஒட்டிய சைபீரியாவிலிருந்து வரும் அந்தப் பறவை 30 கிராம்கூடத் தேறாது. தையல் இயந்திரத்தின் ஊசிபோல அலகால் சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறம். பங்குனியில் மார்பில் செம்மை ஏறத் தொடங்கினால் ஊர் திரும்பப் போகிறது என்று பொருள். எனக்குப் பஞ்சாங்கமே அதுதான்.

பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய அந்த நாள்களில்தான் பைக்குகள் சேற்றுத்திட்டுக்குள் இறங்குகின்றன. போன ஞாயிறு பூநாரைகளைப் பறக்கவிட்டுப் படமெடுக்க ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். பூநாரையோடு உள்ளான்களும் எழுந்தன. நான் நின்ற முக்கால் மணி நேரத்தில் ஐந்து முறை. தட்டில் கைவைக்கும்போதெல்லாம் விரட்டினால் யார்தான் சாப்பிட முடியும்? ஏன் இப்படி என்று அவரிடம் கேட்டேன். "காடு உங்களுடையதா, பெரியவரே?" என்றார்.

உப்பளத்திலிருந்து திட்டுக்குப் பிரியும் மண்பாதையில் ஒரு தடுப்புக் கம்பம் போதும். பங்குனிக்குள் வனத்துறை அதை நட்டுவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற உப்பளக் கணக்கர்,
வேதாரண்யம்.